எந்திரிக்க ஒரு மிஸ்டு கால்

ஷெர்லி நாற்காலியை விட்டு எழுந்து முழுசாக ஒரு நிமிஷம் ஆகவில்லை. போன் அடித்துவிட்டது.

கோமதிசங்கர் அண்ணாச்சி. எடுக்காமல் விடலாம். விட்டால் மறுபடி அடிக்கும். அதையும் விட்டால் ஆளே வந்து நிற்பார். எடுத்தாள்.

"ஏட்டி, எங்கன போற?"

"எங்கனயும் போகல அண்ணாச்சி. நிக்கேன்."

"எதுக்கு நிக்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? மனுஷி எதற்கு நிற்பாள்? கால் இருக்கிறது, நிற்கிறாள். ஷெர்லி தலையைத் தூக்கிக் கூரை மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது.

"இடுப்பு பிடிச்சிருக்கு. ரெண்டு நிமிசம் நிமிந்துட்டு உக்காந்திருதேன்."

"காலையிலயும் இதத்தானே சொன்ன? வெளிய இருந்து பாக்க பார்ட்டி என்ன நெனப்பான்? ஆபீச அடைக்கப் போறாங்கன்னு எதுத்த ஆபீசுக்குப் போயிருவான். உக்காரு, உக்காரு."

உட்காரும்வரை போனை வைக்க மாட்டார். உட்கார்ந்தாள். முதுகெலும்பின் அடியில் யாரோ திருப்புளியை வைத்து ஒரு முறுக்கு முறுக்கினார்கள். "ம்" என்றது போன். வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் சென்னையிலா இருந்தார்? தெரு முனையில், சார்பதிவாளர் அலுவலக வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதும் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் தெருவில் மூன்றாவது அவருடையது. பத்திரம் பதிய வருகிறவர்களோடு மரத்தடியில் பேசிக்கொண்டே, உள்ளங்கையில் செல்போனை வைத்துத் தன் ஆபீசைத் தானே வேவு பார்ப்பார். பார்ட்டிகள் முன்னால் அவள் "ஏம்மா ஷெர்லி". போனில் "ஏட்டி".

பதின்மூன்று வருஷமாக அவள் அங்கே பத்திரம் டைப் அடிக்கிறாள். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் தவறியதில்லை. வடக்கே யார் புஞ்சை, தெற்கே எந்த ஓடை என்று எல்லை சொல்வதில் அவள் அடித்த பத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. முன்பு இரண்டு பேர் செய்த வேலை. கூட இருந்த மாரிசெல்வி கல்யாணமாகிப் போனதும் அந்த இடத்துக்கு அண்ணாச்சி ஆள் போடவில்லை. மாரிசெல்வியின் நாற்காலியை எடுத்து மாடியில் போட்டார்.

காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு. நடுவில் சோறு. அதுவும் அதே நாற்காலியில்.

இரண்டு மாசம் முன்பு, வலது காலில் மரமரப்பு இறங்கத் தொடங்கியபோதுதான் கணவன் ஜோன்ஸ் அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனான். பள்ளிக்கூட வாத்தியார்; மனைவி கண்ணைத் துடைத்தால் இவன் மூக்கைச் சிந்துகிற ரகம். எலும்பு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"டிஸ்க் பிதுங்கி நரம்பை இடிக்குது. ஆபரேஷன் வேண்டாம், இப்போதைக்கு."

அந்த 'இப்போதைக்கு' கேட்டதும் ஷெர்லி ஜோன்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாத்திரை அஞ்சு நாளைக்குத்தாம்மா. நிஜமான மருந்து உங்க கையிலதான் இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிங்க. ரெண்டு நிமிஷம் நில்லுங்க, நடங்க. அதைச் செய்யாம இப்படியே உட்கார்ந்தே இருந்தீங்கன்னா, அடுத்த வருஷம் நான் உங்களைக் கத்தியோட பார்க்க வேண்டி வரும்."

அரை மணிக்கு இரண்டு நிமிஷம். காசு இல்லாத மருந்து. கடையில் வாங்க வேண்டாம். அண்ணாச்சியிடம் வாங்கினால் போதும்.

அங்கேதான் சிக்கல்.

"ரெண்டு ரெண்டு நிமிசமா நாளைக்கு முக்கா மணி நேரம் நின்னே போயிருமே!" என்றார் கோமதிசங்கர். ஐந்து தடவை டீக்கடைக்குப் போய்வரும் மனிதர் சொன்ன கணக்கு. "எங்கப்பா நாப்பது வருசம் சம்மணம் போட்டு உக்காந்து கையாலயே பத்திரம் எழுதுனாரு. அவரு இடுப்பு எங்க போச்சு?"

"அவரு நெனச்சா எந்திரிச்சிருப்பாரு அண்ணாச்சி. அவருக்கு மேல கேமரா இல்ல."

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. அதுல டிஸ்க் இல்லபோல."

வைத்தியம் சொல்ல ஆள் பஞ்சமா? பதிவு ஆபீசுக்கும் இங்கேயும் காகிதம் தூக்கிக்கொண்டு அலையும் பாண்டியராஜன், "ஒனக்கு உக்காந்து இடுப்பு போச்சு, எனக்கு நடந்து காலு போச்சு. ரெண்டு பேரையும் ஒண்ணா ஒட்டுனா ஒரு உருப்படியான ஆளு கிடைக்கும்" என்றார். ஆபீசைக் கூட்ட வரும் சங்கரம்மாள் கோயில் புற்றுமண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தாள்.

"நான் சர்ச்சுக்குப் போறவ, சங்கரம்மா."

"வேதக்காரி பூசுனா புத்து கோவிச்சுக்கிடுமா? தண்ணியில கொழச்சுப் போடு தாயி."

போட்டாள். குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் மறுநாள் எட்டரைக்கு அதே நாற்காலி.

கோமதிசங்கருக்கு ஒரு பெருமை உண்டு. "நம்ம ஆபீசுக்குப் பார்ட்டி வந்தா எந்திரிச்சு நின்னு கும்பிடுவோம். எதுத்த ஆபீசுல கழுத்தக்கூடத் திருப்ப மாட்டான்." இது அவருடைய தொழில் ரகசியம். ஒரு திங்கட்கிழமை காலையில் ஷெர்லிக்குப் பொறி தட்டியது.

மரியாதைக்கு எழுந்தால் போன் அடிக்காது!

அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மரியாதை செய்தாள். வில்லங்கம் பார்க்க வந்த புளியங்குடிக்காரரை எழுந்துபோய் வாசலிலேயே கும்பிட்டாள். அந்த மனிதர் மிரண்டு, தனக்குப் பின்னால் மந்திரி யாரும் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கேன் போட வந்தவருக்கு எழுந்தாள். கூரியர்காரருக்கு எழுந்தாள். டீ கொண்டுவந்தவருக்கு எழுந்தபோது அவர் டம்ளரை வைக்காமலே நின்றுவிட்டார்.

"எக்கா, என்ன திடீர்னு எந்திரிக்கிய? எங்க வீட்டுல எதும் சாவு, துட்டியா?"

நாலே நாள். காலில் மரமரப்பு குறைந்தது. படுக்கையில் புரள முடிந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை! ஐந்தாம் நாள், டீக்காரருக்குக் கிடைத்த வரவேற்பை அண்ணாச்சி வேப்பமரத்தடியிலிருந்து பார்த்துவிட்டார். போன் செய்யவில்லை. நேரிலேயே வந்தார்.

"கண்டவனுக்கும் எந்திரிச்சா மரியாதைக்கு என்னட்டி மரியாதை? இனிமே பெரிய பார்ட்டிக்கு மட்டும் எந்திரி."

"பெரிய பார்ட்டின்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நான் கூட்டிட்டு வரும்போது ஒரு மிஸ்டு கால் குடுக்கேன். அடிச்சா எந்திரி. அடிக்கலன்னா உக்காரு."

ஷெர்லிக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. மணியடித்தால் எழுந்து நிற்க இது ஒன்றாம் வகுப்பா? ஒன்றாம் வகுப்பில்கூடப் பிள்ளைகளை வெளியே விடுவார்கள். தன் முதுகு, தன் கால், தான் எழுவதற்கு இன்னொருவர் போனில் பட்டனை அழுத்த வேண்டுமா?

"விட்டுட்டு வந்துரு" என்றான் ஜோன்ஸ், அன்று ராத்திரி தைலம் தேய்த்தபடி.

"விட்டுட்டு எங்க போக? எந்த ஆபீசுக்குப் போனாலும் இதே நாற்காலிதான். எனக்குத் தெரிஞ்ச வேலை இது. நல்லாத் தெரிஞ்ச வேலை. நான் எதுக்கு விடணும்? அவரு பிடிவாதத்த விடட்டும்."

அவர் விடவில்லை. ஆவணி வந்துவிட்டது.

ஆவணி மாச முகூர்த்த நாள் என்றால் அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது. அன்றைக்குப் பதினொரு பத்திரம். ஷெர்லி ஏழரைக்கே உட்கார்ந்துவிட்டாள். மிஸ்டு கால் ஒன்றுகூட வரவில்லை. ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. வலது கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

பெரிய வேலைக்குப் பதிவு டோக்கன் பன்னிரண்டு பத்துக்கு. மேலநீலிதநல்லூர் பக்கத்து உச்சிமாகாளி வீட்டுப் பாகப்பிரிவினை. அறுபது ஏக்கர் புஞ்சை, அண்ணன் தம்பி நாலு பேர். எல்லாம் முந்தைய நாளே தயார். ஆனால் காலையில் கடைசித் தம்பிக்குப் பாதை விஷயத்தில் மனசு மாறிவிட்டது. நாலு பங்குக்கும் எல்லைகளை மாற்றி அடிக்க வேண்டும். பேசி முடித்ததை உச்சிமாகாளியின் மனைவி பிரேமலதா வந்து பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஷெர்லி ஒரு தடவை கேட்டு மனசில் வாங்கிக்கொண்டாள். முதல் பங்கை முடித்தாள்.

மணி பதினொன்று இருபது.

தும்மல் வந்தது. ஒரே ஒரு தும்மல்.

இடுப்புக்குள் ஏதோ 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

முதலில் வலியே இல்லை. அதுதான் பயங்கரம். மூச்சை இழுத்தாள். அப்போது வந்தது. இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரே கோடாகச் சூட்டுக்கோல். கண்ணில் தண்ணீர் முட்டியது. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்தாள்.

சரியாக அந்த நொடியில் மேஜைமேல் போன் அதிர்ந்தது. ஒரு தடவை. நின்றுவிட்டது.

மிஸ்டு கால்!

வாசல் கதவு திறந்தது. முன்னால் கோமதிசங்கர், முகமெல்லாம் பல். பின்னால் உச்சிமாகாளி, ஆறடி, வெள்ளை வேட்டி. அதற்குப் பின்னால் மூன்று தம்பிகள். அண்ணாச்சி நடுக்கூடத்தில் நின்று, மரியாதை நடக்கட்டும் என்று காத்திருந்தார். நடக்கவில்லை. ஷெர்லி உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏம்மா ஷெர்லி..." தொண்டையைச் செருமினார். "ஏம்மா, யாரு வந்திருக்கான்னு பாரு."

"தெரியுது அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்க?" பல் மறைந்தது. "ரெண்டு மாசமா எந்திரிக்கணும் எந்திரிக்கணும்னு என் உயிர வாங்குன. இப்ப பெரிய மனுசன் வந்து நிக்காரு, எந்திரின்னா கல்லுபோல உக்காந்திருக்க! பழி வாங்குதியோ?"

"என்னால எந்திரிக்க முடியல."

"நாடகம்!" உச்சிமாகாளியின் பக்கம் திரும்பினார். "பாத்தியளா அண்ணாச்சி, சம்பளமும் குடுத்து இதையும் பாக்கணும். ஏட்டி, எந்திரிக்க மாட்டேன்னா அப்படியே வீட்டுக்குப் போயிரு!"

பார்ட்டிகள் முன்னால் முதல் தடவையாக 'ஏட்டி' வந்து விழுந்தது. ஷெர்லிக்குள் பதின்மூன்று வருஷமாக அடுக்கி வைத்திருந்தது மொத்தமும் சரிந்தது.

"அப்படியே வீட்டுக்குப் போக முடிஞ்சா, எந்திரிச்சே நின்னிருப்பேனே அண்ணாச்சி!" குரல் தெருவுக்குக் கேட்டது. "எந்திரிக்க முடிஞ்ச காலத்துல உக்காருன்னீங்க. போன் போட்டு உக்கார வச்சீங்க. இப்ப எந்திரிக்க முடியாம ஆக்கிட்டு, மரியாத தெரியலங்கீங்க. ஏழரைக்கு உக்காந்தேன். கேமராவத் திருப்பிப் போட்டுப் பாருங்க, ஒரு தடவயாவது எந்திரிச்சேனான்னு!"

பிரேமலதாதான் முதலில் நகர்ந்தாள்.

"வேர்த்துக் கொட்டுது இவளுக்கு. நெசமாத்தான் பிடிச்சிருக்கு. என்ன செய்யணும்மா, சொல்லு."

"என்னத் தூக்காதிய. மெதுவா ஒருக்களிச்சுத் தரையில இறக்குங்க. மல்லாத்திட்டு, ரெண்டு காலையும் தூக்கி இந்த நாற்காலி மேல வைங்க." திருநெல்வேலியில் பிசியோதெரபி சொல்லித்தந்த ஷமீரா, இந்த மாதிரி நேரத்துக்கென்றே சொல்லியிருந்தாள்.

சங்கரம்மாள் விளக்குமாற்றை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். இருவருமாகத் தாங்கி இறக்கினார்கள். சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, கெண்டைக்காலை நாற்காலி இருக்கையில் தூக்கி வைத்தார்கள். சூட்டுக்கோல் கொஞ்சம் தணிந்தது. ஷெர்லி மூச்சு விட்டாள்.

இரண்டு பாதமும் நேராக உச்சிமாகாளியைப் பார்த்திருந்தன.

கோமதிசங்கர் பதறிப்போனார். "காலு... காலக் கீழ போடச் சொல்லுங்க! நேரா அண்ணாச்சிக்கு நீட்டிக்கிட்டு!"

"வே, சும்மா கெடயும்" என்றார் உச்சிமாகாளி. "நான் அங்கிட்டுப் போயி உக்காந்துக்கிடுதேன். எங்க கிடையில ஒரு ஆடு இப்படி விழுந்தாக்கூட ரெண்டு பேரு ஓடி வருவான். நீரு மரியாத பேசுதீரு." அறைக்குள் போய் அண்ணாச்சியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் டோக்கனு பன்னெண்டு பத்துக்கு. யாரு அடிக்கப் போறா?"

பாண்டியராஜன் வேறொரு பத்திரத்தோடு பதிவு ஆபீசில் மாட்டியிருந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

கோமதிசங்கர் கீபோர்டைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அதில் ஷெர்லியின் கால்கள் இருந்தன. தன் நாற்காலியைப் பார்த்தார். அதில் அறுபது ஏக்கர் இருந்தது. குனிந்து, நின்றபடியே, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

ஷெர்லி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இரண்டாவது பங்கு. வடக்கே முதல் பங்கு புஞ்சை. கிழக்கே வண்டிப்பாதை..."

"மெதுவா, மெதுவா. 'ண்' எங்க இருக்கு?"

"ஷிப்ட அமுக்குங்க. தெற்கே ஓடை. மேற்கே..."

மூன்றாம் பங்கு பாதியில், "யம்மா!" என்று அண்ணாச்சி நிமிர்ந்தார். இடுப்பில் கையை ஊன்றி இப்படியும் அப்படியும் வளைந்தார். வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். இரண்டு நிமிஷத்துக்கு மேலேயே ஆயிற்று. அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் போன் போடவில்லை. தரையில் கிடந்த ஷெர்லிக்கு இடுப்பைவிட அதுதான் சுள்ளென்று வலித்தது.

பன்னிரண்டு மூன்றுக்குப் பத்திரம் அச்சாகி வெளியே போனது. ஷெர்லி ஆட்டோவில் படுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

படுத்தே கிடக்கக் கூடாது, வலி பொறுக்கும் அளவுக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது சங்கரம்மாள் வந்தாள். இரண்டு செய்தி கொண்டுவந்தாள். ஒன்று: கோமதிசங்கர் ஊரெல்லாம், 'நம்ம ஆபீஸ் பிள்ள தரையில படுத்துக்கிட்டுப் பத்திரம் முடிச்சிச்சு, என்னா விசுவாசம்!' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு: ஆபீசுக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது. முதுகுக்கு வளைவு, கழுத்துக்குத் தலகாணி, எல்லாம் உண்டு.

"எனக்கா?" என்றாள் ஷெர்லி.

"அன்னைக்குக் குனிஞ்சு நின்னதுல அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டாம்லா? அவரு ரூமுக்குத் தாயி."

ஷெர்லி சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலித்தது. நிறுத்திக்கொண்டாள். ஜோன்ஸைக் கூப்பிட்டாள். "லேப்டாப்ப எடுங்க. நான் நடந்துக்கிட்டே சொல்லுதேன், நீங்க அடிங்க."

பத்து நாள் கழித்து அடுத்த முகூர்த்தம். எட்டரைக்கு ஆபீஸ் வாசலில் கூட்டம். ஷெர்லி உள்ளே வந்தாள். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து பத்திரத்தாளை எடுத்து அண்ணாச்சியின் மேஜையில் வைத்தாள்.

"இது யாரு பத்திரம்?"

"நம்ம பத்திரம். வாசிங்க."

வாசித்தார். '...1வது நபர் தொடர்ந்து அமர்ந்திருக்கும் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கவும் நடக்கவும் பூரண உரிமை உடையவர் என்றும், மேற்படி இரண்டு நிமிடத்தில் 2வது நபரோ அவரது வாரிசுகளோ நேரிலோ போனிலோ யாதொரு ஆட்சேபமும் கிளப்பக் கூடாது என்றும், காலியாக உள்ள இடத்துக்கு ஒரு மாதத்துக்குள் ஆள் நியமிக்கப்பட வேண்டும் என்றும், சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்...'

"என்னட்டி... என்னம்மா இது? ஒரு நாற்காலி வாங்கித் தாரேன், ஆவணி முடியட்டும்."

"நாற்காலி கேக்கல அண்ணாச்சி. எந்திரிக்கக் கேக்கேன்."

"வாயால சொன்னா போதாதா?"

"வாயால சொன்னது செல்லாதுன்னு தெனமும் பார்ட்டிகிட்ட நீங்கதான சொல்லுதிய?"

வாசலில் பாண்டியராஜன் யாரிடமோ பேசுவதுபோல உரக்கப் பேசினார்: "எதுத்த ஆபீஸ்காரரு நேத்தும் கேட்டாரு, ஷெர்லி எப்ப வருதுன்னு. அவருக்கு எதுக்கு வே அந்த அக்கற?"

முதல் டோக்கன் பத்து நாற்பதுக்கு. ஒன்பது பத்திரம் காத்திருந்தது. கோமதிசங்கர் புது நாற்காலியில் நெளிந்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போகாமல் நடுவில் நிறுத்தி, மையால் ஒரு வரியைச் செருகினார்: 'முகூர்த்த நாட்கள் நீங்கலாக.'

ஷெர்லி அதைப் படித்தாள். என் முதுகெலும்பு பஞ்சாங்கம் பார்த்தா வலிக்கிறது? நான் எழுந்து நிற்க நானே பத்திரம் எழுதி, நானே தாள் வாங்கி வந்து, அதிலும் எனக்கு வில்லங்கமா?

"கோடு போட்டு அடிங்க அத."

"ஏம்மா, முகூர்த்தத்தன்னைக்கு மட்டும்..."

"முகூர்த்தத்தன்னைக்குத்தான் நான் விழுந்தேன்."

அவள் நகரவில்லை. மேஜைக்கு முன்னால், இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைத்து, நிமிர்ந்து நின்றாள். ஐந்து நிமிஷம் போயிற்று. வெளியே ஒருவர், "இன்னும் கம்ப்யூட்டரயே போடலயே, எதுத்தாப்புல போவமா?" என்று எழுந்தார்.

கோமதிசங்கர் அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே வந்து முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனார்.

"மூடாதிய" என்றாள் ஷெர்லி. "அடிச்ச இடத்துல ஒரு சின்னக் கையெழுத்து. பொறவு பக்கத்துக்குப் பக்கம்."